பதினான்கு மீட்டர்

எங்கள் பக்கம் மலை கிடையாது என்று தெரிந்தேதான்
மலையேறுவோர் சங்கம் என்று பெயர் வைத்தார் களஞ்சியம்.
மின்வாரியத்தில் கணக்கீட்டாளர்.
மீட்டர் பெட்டி எட்டாத வீடுகளில்
ஸ்டூல் போட்டு ஏறியதே
அதுவரை அவர் தொட்ட சிகரம்.
ரப்பர் முத்திரை உண்டு, அதில் இரண்டு முக்கோணம்.

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு
சின்ன ஏர்வாடியில் ஐந்தரைக்குக் கூடினோம்,
பதினோரு பேர்.
நான் கடைசி ஆள்.
வேலையே அதுதான்:
விசிலும் பஞ்சும் டிஞ்சரும் சுமந்து
எல்லோருக்கும் பின்னால் வருவது.
எனக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது.

இரண்டு வருடத்தில் இவர்கள் முகத்தைவிடக்
குதிகால்தான் எனக்குப் பழக்கம்.
சூசையம்மாளின் வலது செருப்பு உட்பக்கம் தேய்ந்தது.
நம்புராஜன் ஈரமணலை விட்டு ஏறமாட்டார்,
அலை வந்தால் விலகவும் மாட்டார்.
சீனி இபுராஹிம் கால் வைத்த இடத்தில்
மணல் கொஞ்சம் கூடுதலாக அமுங்கியிருக்கும்.
அதை அவரிடம் சொல்வதில்லை.

அவர் கையில்
மகன் தோஹாவிலிருந்து அனுப்பிய கடிகாரம்,
உயரம் காட்டுவது.
"மைனஸ் மூணு" என்றார் புறப்படும்போது.
கடலுக்கும் கீழே மூன்று மீட்டரில்
மூச்சு முட்டாமல் நடந்தோம்.

எட்டு மணி வாக்கில்
சீமைக்கருவேலங்காட்டுக்குள்ளிருந்து
இடுப்பில் அன்னக்கூடையோடு ஒரு பெண் வந்து
எனக்குப் பின்னால் சேர்ந்துகொண்டாள்.
"எந்தக் கட்சி? கொடியக் காணோம்."
கட்சி இல்லை, மலை ஏறப் போகிறோம் என்றேன்.
இடப்பக்கம் கடலைப் பார்த்தாள்,
வலப்பக்கம் உப்பளத்தைப் பார்த்தாள்,
என்னையும் ஒருமுறை பார்த்தாள்.
"எங்கிட்டு?"

பெயர் முத்திருளாயி.
வாலிநோக்கத்தில் கொழுந்தியா வீட்டில்
சீட்டுப் பணம் வாங்க வேண்டும்,
பஸ் பத்தரைக்குத்தான்.
முன்னால் போங்களேன் என்று கெஞ்சினேன்.
சங்க விதி ஒன்று இருக்கிறதே.
"நீங்க போங்க. ஒங்க தடத்துல முள்ளு கெடந்தா
ஒங்களக் குத்திருக்கும்ல."

மலை வந்தது.
கழுத்துவரை மணலில் புதைந்த மூன்று பனைகள்,
நின்ற வாக்கில் ஓலையைத் தொடலாம்.
இரண்டடி ஏறினால் ஒன்றரை அடி சறுக்கியது.
சூசையம்மாள் முழங்காலைத் திட்டிக்கொண்டே
நான்கு காலில் ஏறினார்.
இபுராஹிம் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து
மீன் ஏலம்போல் கூவினார்:
"நாலு... நாலரை... ஏழு...
பத்து, பத்து, பத்து...
பதினாலு! ஒரு தரம்! ரெண்டு தரம்!"

மூன்றாம் தரத்தைக் காற்று கொண்டுபோனது.

தெற்கே அப்பா தீவு, கருத்த கோடு.
வடக்கே ஓலை போர்த்திய உப்புக் குவியல்கள்
வரிசை வரிசையாக.
மலைத்தொடர் என்று யாரும் சொல்லவில்லை,
எல்லோரும் அதைத்தான் பார்த்தோம்.
ஹபீபா கீழக்கரைத் தொதலைப் பிரித்தாள்.
பதினொரு துண்டு போட்டிருந்தாள்.
தன்னுடையதைப் பாதியாகக் கிள்ளி
முத்திருளாயியிடம் நீட்டினாள்.

களஞ்சியம் பதிவேட்டை விரித்தார்.
தேதி. உயரம். ஏறியவர் பெயர்.
இடம் என்ற கட்டத்தில் பேனா வைத்தபோது
தொதல் ஒட்டிய விரலைச் சப்பியபடி
முத்திருளாயி சொன்னாள்:
"போன சோளகத்துல இது
அந்தா அந்தக் கெணத்துக்குத் தெக்க கெடந்துச்சு.
இந்தச் சோளகத்துல கெணத்த முழுங்கிருச்சு.
வர்ற வருசம் ரோட்டுக்குப் போயிரும்."

யாரும் பேசவில்லை.
உட்கார்ந்திருந்த இடத்தைச்
சிலர் தடவிப் பார்த்தார்கள்.
களஞ்சியம் இடம் என்ற கட்டத்தில்
வெகுநேரம் யோசித்து, ஒரு கோடு இழுத்து,
அதன்மேல் முத்திரை குத்தினார்.

இறக்கத்தில் அவள்தான் முதல் ஆள்.
அன்னக்கூடையை மணலில் வைத்து
அதில் உட்கார்ந்து
ஒரே சறுக்கில் கீழே போய்விட்டாள்.
எழுபத்திரண்டு கிலோ இபுராஹிம்
அந்தக் கூடையை ஏக்கத்தோடு பார்த்தார்.

நான் மெல்ல இறங்கினேன்.
திரும்பிப் பார்த்தால் எங்கள் தடம் பாதி தூர்ந்திருந்தது.
கீழே தலை எண்ணினேன்,
என்னையும் சேர்த்துப் பதினொன்று. சரி.
எனக்குப் பின்னால் யாரும் இல்லை,
மலையைத் தவிர.